மயிலையைப் புதைத்த நாள்

அகிலாண்டம் ரைஸ்மில் கேட்டைத் திறந்தபோதே மயிலை படுத்திருந்த விதம் சரியில்லை என்று தெரிந்தது. மாடு காலை மடக்கித்தான் படுக்கும். மயிலை பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களையும் நீட்டிக் கிடந்தது. நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தின் நடுவே அதன் வயிறு மட்டும் உயரமாகத் தெரிந்தது.

பக்கத்தில் போனாள். கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை அந்த எருதின் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு, புண்ணில் டர்பெண்டைன் ஊற்றி, மேலே வந்த புழுக்களை இடுக்கியால் எடுத்தவள் அவள்தான். சீழ் முழங்கைவரை வழிந்தபோதும் அருவருக்கவில்லை. இப்போது கை நீளவில்லை. செத்த உடம்பில் கிருமி பெருகும் என்று ஒரு காரணம் உடனே கிடைத்தது. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவளுக்கு அப்படிக் காரணங்கள் சுலபமாகக் கிடைக்கும்.

காவிரியில் தண்ணீர் ஒழுங்காக வராத மூன்றாவது வருஷம் அது. டிராக்டர் வந்து ஏற்கெனவே வேலை போயிருந்த மாடுகளுக்கு, இப்போது வைக்கோலும் இல்லை. விலை போனவற்றை ஊர்க்காரர்கள் விற்றார்கள். விலை போகாதவற்றை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய்க் கரையில் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். காளைக் கன்றுகள், மடி வற்றிய பசுக்கள், செங்கல் பாரம் இழுத்துக் குளம்பு பிளந்த எருதுகள். கண்ணில் பட்டவற்றை, ஆடு கழுதை என்றாலும், அகிலாண்டமும் செவ்வந்தியும் பிடித்து வந்து இந்த ஓடாத மில்லில் கட்டினார்கள். மில் அகிலாண்டத்தின் அப்பா துரைராசுவுடையது. "விக்கிற வரைக்கும் வச்சுக்க" என்று சொல்லியிருந்தார். ஊர் இதற்கு மாட்டு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தது. அதில் பாதி கேலி.

செவ்வந்தி தெற்குத் தெருப் பெண். இருவரும் பூதலூரில் ஒரே ரயில் ஏறி, ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் அகிலாண்டத்துக்கு வாய் திறக்காது. வைக்கோல் கேட்டுக் களம் களமாகப் போவது, வரமாட்டேன் என்கிற மாட்டு டாக்டரைப் பேசியே கூட்டி வருவது, ஊசி போடுவது எல்லாம் செவ்வந்தி. அரசுப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அதுவரை சம்பளம் எதுவும் இல்லாமல் தினம் காலையில் இங்கே வந்தாள். அவள் நின்றுவிட்டால் இந்தக் களம் ஒரு வாரம் தாங்காது. அகிலாண்டத்துக்கு வேறு சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள, மருந்துக் கடை சஃபியாவைத் தவிர யாரும் இல்லை.

அன்று செவ்வந்தி ஒரு கன்றுக்கு மருந்து எழுதி வாங்க மாட்டு டாக்டரிடம் போயிருந்தாள். அகிலாண்டம் கேட்டைச் சாத்திவிட்டுச் சஃபியாவின் கடைக்கு நடந்தாள். அங்கேதான் போன் இருந்தது.

"அப்பா, மயிலை செத்துப்போச்சு."

"எது, அந்த நொண்டி மாடா? போகட்டும், அதுக்கும் விடுதலை." துரைராசு போனில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். "வெயில் ஏறுறதுக்குள்ள எடுக்கணும், இல்லாட்டி நாறிப்போயிடும். தெற்குத் தெருவுக்கு ஆள் விடுறேன்."

அவள் போன் வயரை விரலில் சுற்றினாள்.

"இராஜாங்கம் இருக்கான்ல, செவ்வந்தி அப்பன். மக அங்கதானே கெடக்குது. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போகட்டும். என்ன, விடட்டா?"

கேள்வியாகத்தான் கேட்டார்.

"சரிப்பா" என்றாள்.

சஃபியா பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி துடைத்தாள்.

"அத்தா வந்துட்டா கடையை அவரு பாத்துக்குவாரு. நானும் வர்றேன்" என்றாள். பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொண்டே, "நீ வேற ஏதாவது சொல்லியிருக்கலாம்டி" என்றாள்.

"எடுக்கணும்ல."

"எடுக்கணும்தான்."

சஃபியாவின் அத்தா வந்ததும் இருவரும் கிளம்பினார்கள். திரும்பி நடக்கையில் அகிலாண்டம் செருப்பு முனையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெரியாமல் சொன்ன 'சரி' அல்ல அது.

அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. தெற்குத் தெருக்காரர்கள் இனிமேல் செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சொன்னார்கள். குடியிருக்கிற மனைக்குப் பட்டா வந்திருந்த சமயம். மனையைக் காலி செய் என்று யாரும் மிரட்ட முடியாது என்ற தைரியம். மிராசுகள் ஒரு சம்பா முழுக்க அந்தத் தெருவுக்கு வேலை கொடுக்கவில்லை. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலிலும் வாய்க்காலிலும் மாடுகள் செத்துக் கிடந்தன. அவள் வீட்டில் அதற்கு நாற்றம் பிடித்த வருஷம் என்று பெயர். விருந்துக்கு ஆட்கள் வந்தால் அப்பா சொல்லுவார். "ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு கையால சோறு தின்னோம்." எல்லாரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் அவளும் சிரித்திருக்கிறாள்.

ரயிலில் ஒருமுறை செவ்வந்தி அதே வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் தெருவில் அது கயிறு எரித்த வருஷம். மாடு கட்டித் தூக்கும் கயிற்றையும் கழியையும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து முச்சந்தியில் போட்டுக் கொளுத்தினார்களாம். முதல் கயிற்றைப் போட்டது இராஜாங்கம். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பசியில் அந்த வருஷம் அவருடைய அம்மா இறந்தாள். அகிலாண்டம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ம்" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

களத்துக்கு வந்தபோது செவ்வந்தி வந்துவிட்டிருந்தாள். மயிலையின் தலைப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திறந்திருந்த கண்ணை விரலால் மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடவில்லை.

"கிழவன் ஏமாத்திட்டான் பாத்தியா" என்றாள். "நேத்து நல்லாத் தவிடு தின்னான். நாளைக்கு எந்திரிச்சு நடப்பான்னுல்ல நெனச்சேன்."

"நான் வேணும்னா செத்தவங்களுக்கு ஓதுற யாசீனை ஓதட்டுமா" என்றாள் சஃபியா. "எங்க வீட்டுல மாட்டைப் பாத்தா முதல்ல வெங்காயம்தான் உரிப்பாங்க. நான் வந்து அழுதுகிட்டு நிக்கிறேன்."

செவ்வந்தி சிரித்தாள். எழுந்து பாவாடையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினாள். "சரி, எங்க புதைக்கலாம்? இவ்வளவு பெரிய உடம்பு. மூணு பேரு தோண்டினா ரெண்டு நாளாகும். வாய்க்கால்ல தூர் வாருற பொக்லைன்காரரைக் கேட்டா என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் பேசினேன், தப்பாகச் சரி சொல்லிவிட்டேன், இதோ போய் நிறுத்துகிறேன் என்று. சைக்கிளில் போனால் தெற்குத் தெரு ஒன்றும் தூரமில்லை. அகிலாண்டம் தொட்டித் தண்ணீரில் மிதந்த தூசியைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டில் சைக்கிள் மணி கேட்டது.

இராஜாங்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வயலில் இருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. காலில் மட்டும் வயல் புழுதி.

"உள்ள வாங்க" என்றாள் அகிலாண்டம். அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"இருக்கட்டும் பாப்பா. செவ்வந்தியைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்."

"என்னப்பா?" என்று செவ்வந்தி வந்தாள்.

"பெரியவரு ஆளு வந்துச்சு வயலுக்கு. இங்க மாடு செத்துக் கெடக்காம். நாலு பேரோட வந்து தூக்கணுமாம்." குரல் உயரவில்லை. "தோலு வேணும்னா நானே எடுத்துக்கலாமாம். அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்."

இராஜாங்கம் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வைத்தியம் பாக்கத்தான் அனுப்புனேன் பாப்பா. தெருவுல ஆளாளுக்குப் பேசுனாங்க. படிச்ச புள்ள, வாயில்லா ஜீவனுக்குச் செய்யுது, அதுல என்னங்கடான்னு நான்தான் சொன்னேன்." நிறுத்தினார். "அவரு சொன்னதுல எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சு நடந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க."

வெயில் களத்தில் இறங்கியிருந்தது. ஈக்கள் வந்துவிட்டன.

"எனக்குத் தெரியாது" என்றாள் அகிலாண்டம். "அப்பாவா சொல்லியிருப்பாரு."

செவ்வந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சஃபியாவைப் பார்த்தாள். சஃபியா குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா போவோம்" என்றாள் செவ்வந்தி. கையிலிருந்த மருந்துப் பையைக் கேட்டில் மாட்டினாள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு சஃபியா சொன்னாள். "நான் சொல்லியிருக்கணும்."

"நான்தான் சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள் சஃபியா.

இருவரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு மில்லின் பின்புறம் போனார்கள். உமி கொட்டி வைக்கிற மூலை. மற்ற இடமெல்லாம் வெடித்துப் பாறையாகக் கிடக்க, அங்கே மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. அகிலாண்டம் வெட்டினாள். நாலாவது வெட்டில் ஏதோ சிணுங்கியது. குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினாள். சின்னச் சலங்கை. பச்சை நைலான் கயிற்றில் கோத்தது. கயிற்றுக்குள் சின்னக் கழுத்தெலும்பு.

பொங்கலுக்கு அவளே கட்டிய சலங்கை. கண் தெரியாத காளைக் கன்று அது, போகிற இடம் தெரிய வேண்டும் என்று கட்டினாள். தை கடைசியில் செத்தது. அவள் ஒரு நாள் காலையில் வந்தபோது இடம் காலியாக இருந்தது. "கன்னுக்குட்டி எங்க?" என்று கேட்டதற்குச் செவ்வந்தி, "போயிருச்சு. நான் பாத்துக்கிட்டேன்" என்றாள். ஆடு செத்தபோதும் அதைத்தான் சொன்னாள். கழுதைக்குட்டிக்கும் அதையேதான் சொன்னாள். எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று அகிலாண்டம் கேட்டதில்லை. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

மண்ணைத் தள்ளி மூடினாள். சஃபியா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

பொக்லைன்காரர் சேலத்துப் பக்கத்து ஆள். சஃபியாதான் போய்ப் பேசினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து, களத்துக்கு அந்தப் பக்கம் நிமிஷத்தில் குழி பறித்துவிட்டார். இறங்கி வந்து மயிலையைப் பார்த்தார்.

"அக்கா, இழுத்துக் குழியில விட்டுடறேன். கயித்தை மட்டும் நீங்க கட்டிடுங்க. மாட்டை நான் தொட மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

கயிறு களத்திலேயே கிடந்தது, கிணற்றுக் கயிறு. அகிலாண்டம் எடுத்துக்கொண்டு போனாள். சஃபியா கூட வந்தபோது, "நீ இரு" என்றாள். மயிலையின் கால்கள் மரம் போல விறைத்திருந்தன. தசையில் ஏன் அப்படி ஆகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். தோலுக்கடியில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. முடிச்சு நழுவியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். எங்கே கட்ட வேண்டும், எத்தனை சுற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது.

புல்லட் சத்தம் கேட்டது. துரைராசு கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே பார்த்தார்.

"அகிலாண்டம். கையை எடு."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"அவன் வரலைன்னா வேற ஆள் பாக்க மாட்டேனா? பொட்டப் புள்ள செய்யுற வேலையா இது? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"இனிமே யாரையும் கூப்பிட்டு விடாதீங்கப்பா."

"என்ன?"

அவள் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு வரவில்லை. பொக்லைன் உறுமிக்கொண்டு நகர்ந்தது. மயிலை சிமெண்டில் உராய்ந்துகொண்டே போயிற்று. சாணமும் ரத்தமும் கலந்து ஒரு கோடு விழுந்தது.

"வீட்டுக்குப் பின்பக்கமா வா. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியைத் திருப்பினார். சீழோடும் சாணத்தோடும் அவள் தினம் முன்வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கை கழுவு என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை.

குழியை மூடிய பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெற்குத் தெருவுக்கு நடந்தாள். தெரு முனையில் நின்றபோதுதான், செவ்வந்தி வீடு எது என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மூன்று வருஷம் ஒரே ரயிலில் போனவள். செவ்வந்தி அவள் வீட்டுக் கொல்லை வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அவள் இந்த முனையைத் தாண்டியதில்லை.

குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண் ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு, மாட்டு ஆஸ்பத்திரிப் புள்ளதானே? யாரு வேணும்?"

"செவ்வந்தி வீடு."

"அந்தா, பச்சைக் கதவு." கையைக் காட்டிவிட்டு அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "கூலி இல்லாத பண்ணையாளு ஒரு நாளு வரலைன்னா தேடி வந்துடறாங்க பாத்தியா."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். அகிலாண்டம் குனிந்துகொண்டே நடந்தாள். சொன்னது தன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள் என்று தெரிந்தது.

செவ்வந்தி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா காளியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இராஜாங்கம் வீட்டில் இல்லை.

"என்ன, இன்னொண்ணு செத்துருச்சா?" என்றாள் செவ்வந்தி. முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா என்கிட்ட கேட்டாரு. விடட்டான்னு. நான்தான் சரின்னேன்."

"தெரியும்."

"சஃபியா சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும். உன் மூஞ்சி சொல்லுச்சு." முறத்தைத் தட்டினாள். உமி பறந்தது. "சரின்னு சொன்னதைக்கூட விடு. வெயிலு, நாத்தம், பயந்துட்டே. எங்க அப்பா நேருக்கு நேரா நின்னு கேட்டாரு. அப்ப இல்லைன்னியே."

"கன்னுக்குட்டியைப் பாத்தேன். சலங்கையோட."

செவ்வந்தி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"நீ வந்து பாத்தா உங்க அப்பாகிட்டதான் சொல்லுவே. அவரு எங்க தெருவுக்குத்தான் சொல்லி விடுவாரு. அதான் நீ வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டுக் கையைக் கழுவிடுவேன். அப்படி ஒண்ணு நடந்துட்டா உன் மூஞ்சில முழிக்க முடியாதேன்னு பயம். மயிலை பெருசாப் போயிட்டான். என்ன பண்றது."

"மன்னிச்சுக்க" என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வந்தது வேறு. "நாளைக்கு வருவியா?"

கேட்டவுடனே எவ்வளவு அசிங்கம் என்று புரிந்தது. செவ்வந்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"செவலைக் கன்னுக்கு நாளைக்கு ஒரு ஊசி பாக்கி இருக்கு. மருந்து பையில இருக்கு. கழுத்துல போடு, நரம்பைப் பாத்து விலக்கிப் போடு."

"எனக்குக் கை நடுங்கும்."

"நடுங்கட்டும்."

மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அகிலாண்டம் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து காளியம்மாளின் குரல் வந்தது. "பொழுது போகுது. வீட்டுல தேடப் போறாங்க, அந்தப் புள்ளையைப் போகச் சொல்லு."

"போ" என்றாள் செவ்வந்தி. "அங்க இருக்கறது பூராவும் கெழடுதானே. இன்னொண்ணு சாகும். அப்ப நீ யாரைக் கூப்பிடுறேன்னு பாக்குறேன். பாத்துட்டு வர்றதா வேணாமான்னு சொல்றேன்."

குழாயடியில் இப்போது யாரும் இல்லை. அகிலாண்டம் மில்லுக்குத் திரும்பினாள். களத்தில் அந்தக் கோடு காய்ந்து கறுத்திருந்தது. தொட்டியில் தண்ணீர் இறைத்தாள், வைக்கோல் பிரித்துப் போட்டாள். மருந்துப் பையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் கட்டியிருந்த காரிப் பசுதான் இருப்பதில் மூப்பு. பல் எல்லாம் தேய்ந்துவிட்டது. வைக்கோலை மெல்ல முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தவிட்டைக் குழைத்து ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அதன் பின்னங்கால்களைப் பார்த்தாள். கணுவுக்கு மேலே, முடி தேய்ந்து வழவழப்பாக இருக்கிற இடத்தில், கையை வைத்தாள். அங்கேதான் கட்ட வேண்டும். முடிச்சு நழுவாமல் கட்டப் பழக வேண்டும்.

பசு கால் மாற்றி நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.